குளியலறையில் முப்பது நாள்

நைரோபியின் புருபுரு குடியிருப்பில், இரண்டாம் மாடியில் நியாம்புவின் வீடு. அங்கே குளியலறையின் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டபிறகு, மனிதர்கள் ஒருக்களித்து நின்றுதான் குளித்தார்கள்.

நியாம்பு ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர். இருபத்திரண்டு வருடமாகக் குடுவை கழுவிக் கழுவி, உகாலிக் களி கிண்டக்கூட மாவை அளந்துபோடும் சுபாவம் வந்துவிட்டது. அப்படிப்பட்டவர்தான் இரண்டு வருடத்துக்கு முன் கடற்கரையிலிருந்து வந்த ஒரு மீனை, அதன் அழகில் மயங்கி, அன்றைக்கே வீட்டுக் கூடத்துத் தொட்டியில் விட்டார். அழகோடு வெண்புள்ளி நோயும் வந்திருந்தது. பத்தே நாளில் பதினோரு மீன் செத்தன. எஞ்சியது ஒரு ஜோடிக் கோமாளி மீன். ஏழு வருடமாக வீட்டில் இருப்பவை. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி வாக்கியோ, மீன் என்றாலே தண்ணீர்ச் செலவு என்பாள். ஆனால் வேலைமுடிந்து வந்தால் அவற்றுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

இனி எந்த மீன் வந்தாலும் முப்பது நாள் குளியலறையில் தனித்தொட்டி, செம்பு மருந்து, அதற்குப் பிறகுதான் கூடம் என்று நியாம்பு முடிவெடுத்தார். இந்த ஜோடியையும் இழந்தால் தொட்டியைக் கவிழ்த்துச் செடி வைத்துவிடலாம் என்பதும் அதே முடிவின் பகுதி. தனித்தொட்டியில் மணல் கிடையாது, அலங்காரம் கிடையாது. சூடேற்றி, காற்றுக்குழாயோடு ஒரு பஞ்சு வடிகட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அவ்வளவுதான்.

கடற்கரை ஊரான சிமோனியில் முத்துக்குளிப்பவர்போல மூச்சடக்கி மீன் பிடிக்கும் நசோரோ, ஒரு மீனை ரயிலில் அனுப்பினான். வானநீல உடம்பு, கரிய முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. கூடவே ஒரு பையில், அந்த ஊர் வழக்கப்படி பவளக்கல்லால் கட்டி இடிந்துபோன ஒரு வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த ஐந்து கல். நியாம்பு ஆய்வுக்கூட உதவியாளர்தான் என்று எத்தனை தடவை சொல்லியும் நசோரோவுக்கு அவர் வாத்தியார்.

"வாத்தியாரே, புது வீட்டுக்குப் போற பொண்ண வெறுங்கையோட அனுப்புறது எங்க பழக்கமில்ல. கல்லு அவ பக்கத்துலயே இருக்கட்டும்" என்றான் போனில்.

சீரை ஒதுக்கிவைக்க நியாம்புவுக்கு மனம் வரவில்லை. நசோரோ வேறு தினமும் வீடியோவில் கூப்பிட்டுக் கல்லைக் காட்டச் சொல்வான். கல்லில் நோய் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்து, அரைமணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தொட்டியில் அடுக்கினார். கவனமானவர் செய்யும் தவறு அப்படித்தான் கவனமாக நடக்கும்.

முதல் நாள் செம்பு ஊற்றினார். மாலையில் சோதனைக் குப்பியில், செம்பு இருந்தால் ஏறவேண்டிய நீலம் ஏறவில்லை. மறுநாளும் ஊற்றினார், ஏறவில்லை. குப்பியைச் சந்தேகித்து வேறு வாங்கினார். தண்ணீரைச் சந்தேகித்தார். வாக்கியோ தெரியாத்தனமாகத் தொட்டித் தண்ணீரை மாற்றிவிட்டாளோ என்று கேட்டு, அதற்குரிய பதிலை வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் மீன்மேல் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி. எட்டாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. மருந்து தண்ணீரில் இல்லை, நோய் மீனில் இல்லை. எதற்குச் சந்தோஷப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. புள்ளி தானாகவே உதிர்ந்து, அடியில் கிடந்து, நூறாகப் பெருகித் திரும்பும் என்று படித்திருந்தார். ஆனால் மீனோ வேகவைத்த சுகுமா கீரையை ஆசையாகத் தின்றது. கூடத்துக்கு மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தார்.

பதினோராம் நாள் பல் துலக்கிக்கொண்டே வாக்கியோ கேட்டாள். மூத்த மகள் ரிகாவின் பெயர் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"பாபா ரிகா, எங்க தனி வார்டுல பூங்கொத்தக்கூட உள்ள விடமாட்டோம். உங்க நோயாளிக்கு மட்டும் எதுக்கு அஞ்சு கல்லு?"

"அது பாட்டுக்குச் சும்மா கிடக்குது."

"என்ன கல்லு?"

"பவளக்கல்லுதான். வேற ஒண்ணுமில்ல, வெறும் சுண்ணாம்பு..."

சொல்லிக்கொண்டே தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மயில்துத்தக் கரைசலில் சோடா உப்பைப் போட்டால் செம்பு கரைசலைவிட்டு அடியில் உட்கார்ந்துவிடும் என்பதை வருடந்தோறும் பையன்களுக்குச் செய்துகாட்ட அடுக்கிவைப்பவர் அவர்தான். சோடா உப்பைப் போலச் சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்தான்; ஊற்றிய செம்பையெல்லாம் அது குடித்துக்கொண்டிருந்தது.

கல்லை எடுத்தார். எறிய முடியாது, சீர். நசோரோ கேட்பான். மீன் எப்படியும் பிறகு கூடத்துக்குத்தானே வரப்போகிறது, கல் முன்னால் போய் இருக்கட்டும் என்று ஈரம் சொட்டச் சொட்டக் கூடத்துத் தொட்டியின் மேலே கையைக் கொண்டுபோனார்.

"தனி வார்டுலேருந்து எடுத்தத எங்க வைக்கப் போறீங்க?" என்றாள் வாக்கியோ. குரலை உயர்த்தவில்லை. கண்ணாடி மூடிமேல் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. அவளே ஸ்பிரிட் கொண்டுவந்து துடைத்தாள். கல் ஐந்தும் பால்கனிக்குப் போயின. அன்று கேட்ட நசோரோவிடம், கல்தான் மருந்தைக் குடித்தது என்று உள்ளதைச் சொன்னார். அவன், அப்படியானால் கல்லுக்கு இனி நோயே வராது என்றான்.

பாதித் தண்ணீரை மாற்றி, மறுபடி செம்பு ஊற்றி, முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார். இப்போது குப்பியில் நீலம் ஏறியது. மீன் சாப்பாட்டை நிறுத்தியது. மருந்தே இல்லாதபோது தின்றது, சரியான மருந்து வந்ததும் மூலையில் நின்றது. மூன்று நாள் அதன் முன் குந்தியிருந்தார். நான்காம் நாள் ஒரு கீரைத்துண்டைக் கடித்தது. புள்ளி திரும்ப வரவேயில்லை.

முப்பது நாள் முடிந்ததும் மீனைக் கூடத்துத் தொட்டியில் விட்டார். யாருக்காக நாற்பத்தொரு நாள் ஒருக்களித்துக் குளித்தார்களோ அந்தக் கோமாளி ஜோடி, கொழுகொழுவென்று வெளியே வந்து, புது மீனின் வாலைக் கடித்து மூலைக்கு விரட்டியது. வாக்கியோ வணக்கம் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று நியாம்புவுக்குத் தெரியவில்லை. தான் யார் பக்கம் என்பதும் தெரியாமல், கையில் வலையோடு நின்றார்.