கிப்லா பார்த்த தகடு

எண்பதுகளில் ஒரு மார்கழி. உப்பிலியபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் சூரிய விளக்கு போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத ஸ்ரீரங்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறினேன். வெயிலைச் சேர்த்துவைத்து இரவில் எரியும் விளக்கை அதுவரை நான் பார்த்ததில்லை. துறையூரில் பஸ் மாறும்போது டீக்குக்கூட நிற்கவில்லை.

வயல் நடுவே இருந்த அந்தப் பள்ளிவாசலுக்கு மின்கம்பி வரவில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் குளத்தின் படியெல்லாம் பாசி. அதில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்ட மோதினார், விடியற்காலை தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லப் போவதை நிறுத்தியிருந்தார். விளக்கு விடியும்வரை எரிந்தால்தான் அனுப்புவேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். விளக்கோ மாலையில் ஜோராக எரிந்து, பாதி இரவிலேயே அணைந்துகொண்டிருந்தது.

கோளாறு பார்க்க வந்த பொறியாளரும் என் பஸ்ஸில்தான் இறங்கினார். கூரை மேலிருந்த நீலத் தகட்டை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தெற்கே பார்த்துல்ல வெச்சுட்டுப் போனேன். யாருங்க மேற்கே திருப்பினது?"

"நாங்கதான்," என்றார் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி. "இங்க எல்லாமே கிப்லாவை, மக்கா இருக்கற மேற்குத் திசையைப் பார்த்துத்தான் இருக்கும். இது மட்டும் கோணலா நின்னுச்சு. ஆள் விட்டு நேராக்கினோம்."

"காலை வெயிலெல்லாம் அது முதுகில விழுது. பேட்டரி எப்படிங்க நிறையும்?"

முத்தவல்லி தாடியைத் தடவிக்கொண்டார். அவரை மாமு என்றே அழைக்கும் மோதினார், முறிந்து கூடிய கையை நீவியபடி சொன்னார்: "தொழப்போறது நாமதானே மாமு, தகடு இல்லையே. திருப்பச் சொல்லுங்க. வீட்டுல திட்டு வாங்கறது நான்தான்."

முத்தவல்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏணி வந்தது. தகடு தெற்கே திரும்பியது. அன்று வானத்தில் மேகமே இல்லை.

"தங்கிப் பாத்துட்டுப் போங்க சார்," என்றார் முத்தவல்லி. "எரியலைன்னா அதையும் எழுதத்தானே போறீங்க."

அவர் வீட்டில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. விடிவதற்கு முன் அவரோடு வரப்பில் நடந்தேன். பாதி வழியிலேயே வெளிச்சம் தெரிந்தது. என் நடை தானாக ஓட்டமானது.

மோதினார் பாசி இல்லாத இடமாகப் பார்த்துக் காலை வைத்து, குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவர் மனைவி ஏற்றாத அரிக்கேன் விளக்கோடு நின்றார். பாங்கு தொடங்கியதும் அந்த விளக்கைக் குலுக்கிப் பார்த்தார்.

"இவரு பாங்குக்குப் போன நாள்லல்லாம் ரேஷன் மண்ணெண்ணெய்ல பாதி இதுக்கே போச்சு. இனி என் அடுப்புக்கு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.