பன்னிரண்டாம் நாள் நடை

மூக்காண்டி கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். எழுபத்தொன்பதாம் வருடத்திலிருந்து கோழிகள் அவன் பொறுப்பு. பருத்திக்கு அடிக்கும் மருந்து ஒன்றைக் கோழிகளுக்குக் கொடுத்து, நரம்பு எப்படிச் சாகிறது என்று பேராசிரியை ஜெய்னப் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். எலி இதற்கு உதவாது, மனுஷனுக்கு ஒத்தது கோழிதான் என்பார்.

மருந்து கொடுத்த அன்று கோழி துவண்டு எச்சில் வடிக்கும். விஷத்துக்கு மாற்று ஊசி போட்டால் மறுநாளே இரை பொறுக்கும். பத்து நாள் ஒரு குறையும் தெரியாது. அதன் பிறகு சாய்வுப் பலகையில் நடக்கவிட்டால் விரல் மடங்கும், கால் பின்னும். காலுக்குப் போகும் நீண்ட நரம்பு நுனியிலிருந்து செத்துக்கொண்டு வரும். மூக்காண்டி எத்தனையோ கோழிகளை அப்படிப் பார்த்துவிட்டான்.

அதே மருந்தை மேலநீலிதநல்லூர்ப் பருத்திக் காட்டில் அடித்தபோது தோளில் மாட்டிய மருந்து டப்பா ஒழுகி, முதுகெல்லாம் நனைந்து, வரப்பில் விழுந்தான் மூக்காண்டியின் தம்பி துரைப்பாண்டி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். ஐந்தாம் நாள் வீடு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். மூக்காண்டி நாளை எண்ணினான். மனுஷனுக்கும் அப்படிக் கால் போகுமா என்று மேடத்திடம் கேட்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் நேர்த்திக்கடன் செலுத்தச் சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள். கோவில் வாசல் கடையில் தம்பி மனைவி இசக்கித்தாய், முழு ஆள் உருவம் பொறித்த வெள்ளித் தகட்டை எடுத்தாள்.

"மீசை உள்ள ஆளாப் பாத்து எடுட்டி. அம்மன் அடையாளந் தெரியாம வேற எவனையாவது காப்பாத்திரப் போறா," என்றான் துரைப்பாண்டி.

"பொழச்சு வந்தும் வாய் கொறையல பாத்தியளா அத்தான்?"

மூக்காண்டி அதைக் கவனிக்கவில்லை. அவன் கை இரண்டு கால்கள் பொறித்த தகடு ஒன்றை எடுத்திருந்தது.

"காலு எதுக்கு அத்தான்? இவுகளுக்குக் காலுக்கு ஒண்ணுமில்லையே."

துரைப்பாண்டியின் சிரிப்பு நின்றது. "ஒனக்கு யாருண்ணே சொன்னா?"

"என்னத்தலே?"

"ரெண்டு நாளா கெண்டைக்கால்ல எறும்பு ஊறுதாப்புல இருக்கு. இவ பயந்துருவான்னு சொல்லல."

"நானும் சொல்லலைலே," என்றான் மூக்காண்டி. கோழிகளைப் பற்றி நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தான்.

"அப்ப நானும் கோழிதானா?" துரைப்பாண்டி கேட்டான்.

"சாமி பொறவு கும்புடலாம். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு நிக்கும், நட," என்றான் மூக்காண்டி.

தம்பி முன்னால் நடந்தான். பத்து அடி போவதற்குள் இடது கால் செருப்பு கழன்று தெருவில் கிடந்தது. அது தெரியாமல் அவன் போய்க்கொண்டிருந்தான். இசக்கித்தாய் குனிந்து அதை எடுத்தாள். அவனைக் கூப்பிடவில்லை.