ரெஹானா அழித்த பிராஞ்சுகள்

உத்தமபாளையத்திலிருந்து தினமும் தேனிக்கு பஸ்ஸில் போய்வருபவள் ரெஹானா. ஏழு பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி. திராட்சைக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று விவசாயிகளுக்குப் போனில் சொல்லும் செயலி அவர்களுடையது. ஏழு பேர் எழுதும் நிரலும் ஒரே சர்வரில்தான் சேரும். புதிதாக எதையாவது செய்பவர் மூல நிரலிலிருந்து தனக்கென்று ஒரு கிளை, அதாவது பிராஞ்ச், பிரித்துக்கொள்வார். முடிந்ததும் மூலத்தோடு இணைப்பார். இணைக்காமல் விட்டவை நாற்பதுக்கு மேல் கிடந்தன.

"பழசையெல்லாம் தூக்கிரும்மா. எது என்னன்னே தெரியல," என்றார் மேலாளர் சுருளிராஜன்.

ரெஹானாவுக்கு எதுவும் ஒழுங்காக இருக்கவேண்டும். ஒரே காலையில் அத்தனையையும் அழித்தாள். 'டெம்ப்-2' என்று ஒன்று இருந்தது. தற்காலிகம்தானே என்று அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஹேமாவதி செய்த குரல் பகுதி எங்கே என்று சுருளிராஜன் கேட்டபோதுதான் அது அந்த 'டெம்ப்-2' என்று அவளுக்கு உறைத்தது. ஹேமாவதி பிரசவ விடுப்பில் இருந்தாள். அவள் ஒப்படைத்த லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துப் புது ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. சர்வரிலும் தடயமில்லை.

"நான்தான் சார் அழிச்சேன்."

"அழிக்கச் சொன்னது நான்தானே. ஆர்கிட்டயாவது காப்பி இருக்கான்னு பாரு."

ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டாள். மதன்குமாரிடம் இருந்தது. லேப்டாப்பைக் குப்பைமேடாக வைத்திருக்கிறான் என்று அவள் சலித்துக்கொண்ட அதே மதன்குமார். எப்போதோ சோதித்துப் பார்க்க இறக்கியது அப்படியே கிடந்தது. ஆனால் கடைசி மூன்று வார வேலை அதில் இல்லை.

போனில் சொல்ல மனம் வராமல் மறுநாள் ஹேமாவதியின் ஊரான மார்க்கையன்கோட்டைக்கே போனாள். மடியில் குழந்தையோடு கேட்டுக்கொண்டிருந்த ஹேமாவதியின் முகம் வாடியது.

"மருந்துப் பேரு உச்சரிப்பெல்லாம் அந்த மூணு வாரத்துலதான் சரிபண்ணேன்."

"தொறந்து பாத்திருக்கணும்க்கா. தப்புதான்."

ஹேமாவதி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இவளுக்குப் பேரு வைக்க எத்தனை நாள் யோசிச்சோம். அந்த வேலைக்கு டெம்ப்புன்னு பேரு வச்சு, சேக்காமயே லீவுல வந்தவ நானு. ஒன்னைய மட்டும் என்ன சொல்ல?" பிறகு அவளே சொன்னாள்: "நாளைக்கி மத்தியானம் இங்கன வா. இவ தூங்குவா. ஞாபகம் இருக்கறதச் சொல்றேன்."

எட்டு மத்தியானங்கள் அவள் சொல்லச் சொல்ல ரெஹானா எழுதினாள். குழந்தை அழுதால் வேலை நிற்கும். அன்றைக்கு முடிந்ததை அன்றைக்கே மூலத்தில் இணைத்து, என்ன மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில், சங்கிலியம்மாள் என்ற விவசாயி ரெஹானா நீட்டிய போனைக் காதில் வைத்து அந்தக் குரலை முழுவதும் கேட்டார்.

"வெளங்குது ஆத்தா. கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு."

அன்று மாலையே ரெஹானா குரலின் வேகத்தைக் குறைத்தாள்.