எக்ஸாஸ்ட் வால்வு என்று எழுதிய நோட்டு

இன்று கார் ஒர்க்‌ஷாப் கவுன்டரில் நீட்டிய சீட்டின் முதல் வரியே 'எக்ஸாஸ்ட் வால்வு'.

அப்படியென்றால் என்ன என்று மகன் கேட்டான். நான் சொன்னேன். கவுன்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். (எண்பத்தேழு வயதில் ஒருத்தி இதைச் சொன்னால் யாரும்தான் பார்ப்பார்கள்.)

வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் மெட்ராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த சமயம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் கணவர் புத்தூர்-திருப்பதி தனியார் பஸ்ஸில் டிரைவர்.

அவருக்கு எழுதப் படிக்க வராது. நான் எட்டாவது வரை படித்தவள். பஸ்ஸுக்கு வேண்டிய சாமான்களை அவர் சொல்லச் சொல்ல நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வேன். பிறகு வெள்ளைத் தாளில் நகல் எடுத்து முதலாளிக்குக் கொடுத்தனுப்புவேன். வால்வு ஸ்பிரிங், டேப்பெட், ஹேண்ட் பிரேக் கேபிள்... எது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுதமாட்டேன்.

எக்ஸாஸ்ட் வால்வு என்று மூன்று முறை எழுதினேன். சாமான் வரவில்லை.

ஒரு நாள் வடமாலப்பேட்டைக்கு முன்னால், மேட்டில் இன்ஜின் இழுக்காமல் நின்றுவிட்டது. பிரேக்கும் தாங்கவில்லை. பஸ் பின்னால் உருண்டு புளியமரத்தில் மோதியது. திருப்பதிக்குப் பூ விற்கப் போன சரோஜா என்ற பெண்ணுக்கு இரண்டு காலும் ஒடிந்துவிட்டது.

டிரைவர் எதையுமே தெரிவிக்கவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். சித்தூரில் விசாரணை. நான் நோட்டை எடுத்துக்கொண்டேன். என் கணவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

அதிகாரி தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். இதெல்லாம் நேற்று எழுதியது, பொம்பளைக்கு வால்வு பற்றி என்ன தெரியும் என்றார் முதலாளியின் ஆள். வால்வு என்றால் என்ன என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"இன்ஜின்ல காத்து உள்ள வர ஒரு மூடி, பொகை வெளிய போவ ஒரு மூடி சார். பொகை போற மூடி எரிஞ்சி பூட்சின்னா சரியா மூடாது. உள்ள இருக்கற வேகமெல்லாம் அது வழியாவே பூடும். மேடு ஏறச்சொல்ல வண்டி இழுக்காது."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரி என் கணவர் பக்கம் திரும்பினார். "அப்போ ஒனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சி எதுக்கு ஜனங்கள ஏத்தன?"

அவர் ஏன் வேண்டாம் என்றார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்டி திடீரென்று மக்கர் பண்ணியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன்.

"தெரியும் சார்," என்றார் அவர். "நான் எடுக்கலன்னா வேற ஆள வெச்சி எடுத்துருப்பாங்க. அதான் எடுத்தேன். தப்புதான்."

பஸ்ஸின் பெர்மிட்டை நிறுத்தினார்கள். அவருடைய லைசென்ஸும் ஒரு வருஷத்துக்குப் போனது. அந்த வருஷம் முழுக்கக் கல் உடைக்கப் போனார்.

விசாரணை முடிந்து ரயிலில் திரும்பும்போது அழுதேன். நோட்டை நான் கொண்டுவந்திருக்கக் கூடாது என்றேன். அவர் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு கால் ஒடிஞ்சி கெடக்குது. நீ இன்னாத்துக்கு அழுவற?"

சரோஜா கடைசிவரை கோலூன்றித்தான் நடந்தாள். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த விசாரணையைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?