ஞாயிற்றுக்கிழமை இரண்டு ராகு காலம்

ஸ்ரீரங்கனிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் ‘சரி’ என்றுதான் வரும். கேட்டது என்னவென்று பிற்பாடுதான் யோசிப்பான். பஸ்ஸில் கண்டக்டர் ‘திருவான்மியூரா?’ என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, மந்தைவெளியில் இறங்க வேண்டியவன் திருவான்மியூர் வரை போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறான். இருபத்துமூன்று வயது. ஒல்லி. தோள்பையில் எப்போதும் ஒரு புதுக்கவிதைப் புத்தகம் இருக்கும். அதை எடுத்துப் படிக்கக்கூடக் கூச்சம். பக்கத்து சீட்காரர் என்னவென்று கேட்டுவிட்டால்?

1999இல் அவன் வேலைக்குச் சேர்ந்தது, மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தின் மாடியில் இருந்த திருமணத் தகவல் மையத்தில். நடத்தியவர் அபயாம்பாள் மாமி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமும் வெளியூர் டிரங்க் காலுக்கான உரத்த குரலில்தான் பேசுவார். ஜாதகங்களை டைப் அடிக்க சாந்தோமிலிருந்து ஆரோக்கியமேரி வருவாள். ஏழாம் வீட்டில் செவ்வாய் என்றால் மாமிக்கு முன்பே அவள் உச்சுக்கொட்டிவிடுவாள்.

அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து ஜாதகங்களைத் தின்றுவிட்டது. தோஷ ஜாதகங்கள் மட்டும் தப்பின. “விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு மாமி. இலவசம். வைரஸ் கிட்டவே வராது” என்று ஸ்ரீரங்கன் சொன்னான். அவன் அங்கே தானாக வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை. அந்த ஆச்சரியத்திலேயே மாமி ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சி.டி. சுழன்றது. நிறுவும்போது லினக்ஸ் நிறையக் கேள்விகள் கேட்கும். ‘இந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறதா?’ என்றும் ஒரு கேள்வி வந்தது. ஸ்ரீரங்கன் வழக்கம்போல் ‘சரி’ என்றான்.

பிறகு பயனர் கணக்குகள்.

“ரூட்டுன்னா யாருடா?” என்றார் மாமி.

“எல்லாத்துக்கும் மேல மாமி. யாருக்கு வேணா அக்கவுண்ட் போடலாம், எடுக்கலாம். அவாளுக்குத் தடையே கிடையாது.”

“அப்ப அது நான்தான். நகரு.”

பாஸ்வேர்டை அடிக்கும்போது இருவரையும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். ஒற்றை விரலால் அடித்ததால் சுவரை வெகுநேரம் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்து மேரிக்கு ஒரு கணக்கு போட்டாயிற்று. ஸ்ரீரங்கன் தன் பெயரை அடிக்கப் போனபோது மாமி தடுத்தார்.

“உனக்கென்ன அவசரம்? ஒரு மாசம் இதைத் தகராறு இல்லாம ஓட்டிக் காட்டு. வேலை பர்மனென்ட். அன்னிக்கு உன் பேர்ல போட்டுக்கோ. அதுவரைக்கும் நீ கெஸ்ட். நடுவுல ஏதாவது வந்துதோ, ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைப் பையனைக் கூப்ட்டுப் பழையபடி விண்டோஸைப் போட்டுடுவேன். நீ ஆத்துல உக்காந்துண்டு கவிதை படிக்கலாம்.”

“சரி மாமி.”

அப்புறம் திரையின் அலங்காரம். கறுப்பாக எந்த ஜன்னலும் திறக்கக் கூடாது; எல்லாம் மஞ்சள் பின்னணியில் மங்களகரமாக இருக்க வேண்டும். குப்பைத்தொட்டிப் படம் வலது மேல்மூலையில் இருந்ததைப் பார்த்து மாமி பதறினார். “ஈசான்ய மூலையில குப்பையா! நைருதிக்குக் கொண்டு போ.” குப்பைத்தொட்டி இடது கீழ்மூலைக்குப் போயிற்று. கீழ்ப்பட்டையில் இருந்த கடிகாரத்தையும் எடுக்கச் சொன்னார். “மணியப் பாத்துண்டே இருந்தா எவ வேலை செய்வா?” மேரி காதில் விழாததுபோல் பிரின்டருக்கு ரிப்பன் மாற்றினாள்.

கடைசியாக ஒரு கட்டளை. ராகு காலத்தில் எந்த ஜாதகத்தையும் தொடக் கூடாது. அந்தந்தக் கிழமையில் அந்தந்த நேரத்துக்குத் திரை தானாகப் பூட்டிக்கொண்டு, முடிந்ததும் தானாகத் திறக்க வேண்டும். இடையில் ரூட் மட்டும் திறக்கலாம். அதைச் செய்துமுடித்ததில் ஸ்ரீரங்கனுக்கே கொஞ்சம் கர்வம். தமிழ் எழுத்துக்கு வழி தெரியாததால், படம் வரையும் புரோகிராமில் மவுஸைப் பிடித்துக் கையாலேயே ‘ராகு காலம்’ என்று எழுதி, பூட்டிய திரையில் அது தெரியும்படி வைத்தான். ‘ரா’வின் கால் மட்டும் நடுங்கியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. மையத்தில் கூட்டம் சேரும் நாள். அடையாறிலிருந்து ஸ்ரீனிவாசராகவன் என்பவர் ஆட்டோவில் வந்திறங்கினார். பையனுக்குப் பார்த்த பெண்ணின் ஜாதகம் பிரின்ட் எடுத்துத் தர வேண்டும். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் அது கையில் இருக்க வேண்டும். மேரி டைப் அடிக்கத் தொடங்கினாள். மணி பதினொன்று. திரை பூட்டிக்கொண்டது. மஞ்சளில் ‘ராகு காலம்’.

மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீனிவாசராகவன் தன்னுடையதைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை என்பது மயிலாப்பூரில் பால்பூத்காரருக்குக்கூடத் தெரியும்.

“இது எந்தப் பஞ்சாங்கம் மாமி? திருக்கணிதமா?” என்றார் அவர்.

“திருக்கணிதமா இருந்தாலும் அஞ்சரை மணி வித்யாசம் வருமோ?”

“அமெரிக்காக்காரா போட்ட கணக்கோ என்னவோ.”

“அங்க இன்னும் சனிக்கிழமை ராத்திரி. ராத்திரில ஏது ராகு காலம்?”

“சாடிலைட்லேர்ந்து பாத்திருப்பாளா இருக்கும். நம்மளவா பூமில உக்காந்துண்டு கணக்குப் போட்டவா, பாவம்.”

மேரி பொறுமை இழந்தாள். “எங்களுக்கு ராகு காலமே கிடையாது மேடம். நீங்க தொறந்து வுட்டா நான் அடிச்சிடுவேன்.”

“சும்மா இருடீ. மிஷின் தப்பு பண்ணாது. நேத்திக்கு இவனே சொன்னான்.” மாமியின் குரல் தாழ்ந்துவிட்டது. அது தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. “அப்படின்னா இத்தனை வருஷமா நான் நிஜ ராகு காலத்துலயே எத்தனை பேருக்கு முடிச்சு வெச்சேனோ. டேய், வாசல் போர்டை மாத்தி எழுது. ஞாயித்துக்கிழமை பதினொண்ணுலேர்ந்து பன்னண்டரை வரைக்கும் ஆபீஸ் கிடையாது. என்னடா, இதுதானே சரியான பஞ்சாங்கம்?”

ஸ்ரீரங்கனுக்கு எல்லாம் புரிந்துபோயிருந்தது. அஞ்சரை மணி என்று மாமி சொன்ன கணத்தில், கிரீன்விச் கேள்வியும் தான் சொன்ன ‘சரி’யும் கண்முன் வந்து நின்றன. இப்போது ‘சரி’ என்றால் போதும். லினக்ஸ் தெய்வமாகிவிடும், அவன் பெயரில் கணக்கு வந்துவிடும். வாயில் ‘ச’ வரைக்கும் வந்தும்விட்டது.

“ச... சரியில்லை மாமி.”

அறையில் இருந்த மூவரும் திரும்பினார்கள்.

“பஞ்சாங்கம் இல்லை, நான்தான். நம்ம மணியை லண்டன் மணின்னு சொல்லிட்டேன். அது நம்மூருக்காக அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டிண்டுடுத்து. அதுக்கு இப்போ சாயங்காலம். மணி கண்ணுல பட்டிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். கடிகாரத்தை எடுக்கச் சொன்னேள்...” கடைசி வாக்கியம் அவன் சட்டைப் பையோடு நின்றுவிட்டது.

மாமி எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

“எல்லாரும் திரும்புங்கோ.”

ஸ்ரீனிவாசராகவனும் சேர்ந்து மூன்று பேர் சுவரைப் பார்த்தார்கள். ஒற்றை விரலின் டொக் டொக் நீண்டது. “எமகண்டம் வந்துடப் போறது” என்று அவர் சுவரிடம் முணுமுணுத்தார். திரை திறந்தது. ஸ்ரீரங்கன் கடிகாரத்தைத் திருத்தினான். மேரியின் விரல்கள் பறந்தன. பிரின்டர் கீச்சிட்டு ஜாதகத்தைத் துப்ப, அதன் மை காய்வதற்குள் ஸ்ரீனிவாசராகவன் படியிறங்கி ஓடினார்.

அதற்குப் பிறகு மாமி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரங்க் கால் இல்லாத அந்த மத்தியானம் ஸ்ரீரங்கனுக்குப் பெரும் இரைச்சலாக இருந்தது. ரிச்சி தெருவின் டெலிபோன் நம்பர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது. மாமியின் கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் தோள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு மாமி கூப்பிட்டார்.

“டேய், கெஸ்ட்.”

போனான்.

“பஞ்சாங்கம்தான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். ஏன் சொல்லலை?”

“போர்டு மாத்தறேன்னேள். ஊர்ல எல்லாரும் ராகு காலத்தை மாத்திண்டுடுவாளேன்னு...”

“எக்ஸ்சேஞ்சுல எத்தனையோ ராங் நம்பர். ஒருத்தியாவது ‘நான்தான் மாத்திப் போட்டேன்’னு சொல்லி நான் கேட்டதில்லை. லைன்ல கோளாறும்பா.” மாமி மறுபடி எல்லாரையும் திருப்பி நிறுத்தி, ரூட்டாக உள்ளே போய், நாற்காலியை விட்டு எழுந்தார். “மாசமெல்லாம் வேண்டாம். உக்காரு. உன் பேரைப் போடு. கடிகாரத்தையும் வை. என் அக்கவுண்ட்ல மட்டும்.”

மேரி பின்னாலிருந்து, “கலக்குங்க பிரதர்” என்றாள்.

ஸ்ரீரங்கன் உட்கார்ந்தான். பெயரில் பாதிதான் அடித்திருப்பான். திரை மஞ்சளானது. ‘ராகு காலம்’. நாலரை, டாணென்று.

“மேடம், பாஸ்வேர்டைப் போட்டுத் தொறந்து வுட்டுடுங்களேன்.”

“காலம்பற வந்தது டூப்ளிகேட். இது அசல்டீ. கையே வைக்க மாட்டேன். ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்.” மாமி காபி போட உள்ளே போனார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தால், ராகு காலத்தைக் கண்டுபிடித்ததே அவர்தான் போலிருந்தது.

ஸ்ரீரங்கன் நாற்காலியை விட்டு எழவில்லை. தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘ரா’வின் கால் ரொம்பவே நடுங்குகிறது. ஆறு மணிக்கு முதல் வேலையாக அதைத் திருத்த வேண்டும் என்று நினைத்தான்.

இல்லை, இரண்டாவது வேலையாக.