பசிக்கு மணி இல்லை

அன்று பொட்டலில் இருந்தவர்கள்: மெய்யாயி. அவள் புருஷன் சின்னையா. ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்த சவரிமுத்து. கண்ட்ராக்டரின் ஆளாக, உடைத்த ஜல்லியை அளக்கிற பெட்டியோடு நிற்கும் ராசு. என் சம்சாரம் பார்வதி. அப்புறம் நான். குடுமியான்மலைக்கு மேற்கே ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற இடம் அது. சிலோனிலிருந்து வந்து எனக்கு நாலாம் நாள் வேலை. வெயில் உச்சிக்கு வந்தது. மெய்யாயி சுத்தியலைப் போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். சின்னையா அவளுக்கு முந்தியே தின்றுவிட்டு வேப்பமரத்தடியில் படுத்திருந்தான். சவரிமுத்து இன்னும் உடைத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு நேரம். யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு அது புதுசு. சுத்தியலைப் பிடித்தபடி நின்றேன்.

"என்னண்ணே நிக்கிறீங்க? சாப்பிடலையா?" என்றாள் மெய்யாயி.

"மணி அடிக்கட்டும்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். "இந்தப் பொட்டக்காட்டுல எவன்ணே மணி அடிப்பான்? ஏண்ணே, வயித்தை சிலோன்லயே விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பார்வதியும் சிரித்தாள். எனக்குப் பசிக்கவில்லை. பசிக்காமலும் இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் அப்பன் திருவரங்குளத்துக்காரர். சிலோன் மலைக்குப் போய் அங்கேயே செத்தார். நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எழும்ப ஒரு மணி. பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கிறதுக்கு, ஒரு மணி. மத்தியானச் சோற்றுக்கு ஒன்று. திரும்ப மலை ஏற ஒன்று. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மணிக்குத்தான் வாயைத் திறந்தேன், மூடினேன். ஒன்றுக்குப் போவதுகூட அதற்குத் தோதாகத்தான். காலில் அட்டை கடித்தால் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றுவலி என்று மருந்து கொடுக்கிறவரிடம் போனால் ஒரே கேள்வி: "வேலைக்குப் போவியா, மாட்டியா?" போவேன் என்பேன். என் மகன் ரெண்டு வயதில் காய்ச்சலில் போனான். காலையில் புதைத்தோம். மத்தியான மணி அடித்தது. கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு செடி வெட்டப் போனேன். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனசு கல்லு என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

அப்புறம் நீ எங்கள் நாட்டுக்காரன் இல்லை, உன் ஊருக்குப் போ என்றார்கள். சிலோன் பிரஜாவுரிமை உள்ளவனுக்கு வாழ்க்கைப்பட்ட மகள் அங்கே நின்றுகொண்டாள். நாங்கள் ரெண்டு பேரும் கப்பல் ஏறினோம். இங்கே வந்தால் சிலோன்காரன் என்கிறார்கள். கல் உடைத்தேன்.

மூன்றாம் மாசம் உடைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தேன். கறுப்பாக வாந்தி. சவரிமுத்தும் சின்னையாவும் பஸ்ஸில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. குடல் புண், கறுப்பாக வந்தது ரத்தம் என்றார். வலி எரியுதா, குத்துதா, சாப்பிடுவதற்கு முந்தியா, பிந்தியா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை இப்படி ரத்தம் வந்தா உசுருக்கு ஆபத்து. வயித்தைக் காயப்போடாதீங்க. பசிச்சா ஒடனே சாப்பிடுங்க."

"பசிச்சதுன்னு எப்பிடிம்மா தெரியும்?"

"வெளையாடாதீங்க பெரியவரே," என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் விளையாடவில்லை. படித்தவர், அவருக்கே அது கேள்வியாகப் படவில்லை. சீட்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லித்தர ஆள் இல்லையென்றால் நானே கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு வீம்பு.

முதலில் தெரிந்தது உள்ளங்கால். செம்புறாங்கல் மேல் மத்தியானம் மிதித்தேன், சுட்டது, துள்ளினேன். அதே கல்லில் மூன்று மாசம் நடந்தவன்தான். அடுத்தது தாகம். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. எழுந்துபோய்க் குடித்தேன். யாரும் தடுக்கவில்லை. பசிதான் பிடிபடவில்லை. கல் உடைத்துக்கொண்டே இடது கையை வயிற்றில் வைத்துப் பார்ப்பேன். மெய்யாயி சும்மா இருப்பாளா? "அண்ணனுக்கு எத்தனை மாசம் அண்ணி?" என்று பார்வதியிடம் கேட்டாள். ஒருநாள் சுத்தியல் காம்பு ஆடுகிறது என்று பார்வதியை வைதேன். அவள் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்தும் இந்நேரத்துக்குத்தான் வள்ளுன்னு விழுந்தீங்க. முந்தாநாளும். இது கோவமில்லை. சாப்பிடுங்க."

கூழைக் குடித்தேன். கோபம் போய்விட்டது. இத்தனை வருஷம் கோபம் என்று நினைத்தது பாதி பசிதான். அன்றிலிருந்து அதன் அடையாளம் பார்த்தேன். விலாவுக்குக் கீழே சில்லென்று ஒன்று. பிறகு வாயில் எச்சில். மூன்றாவதாகத்தான் கோபம். எச்சில் ஊறும்போதே சாப்பிட்டுவிட்டால் எரிச்சல் இல்லை. அப்படி ஒருநாள் நல்ல பசியில், பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு குடிக்கும்போது கண்ணில் தண்ணி வந்தது. மிளகாய் இல்லை. மகன். புதைத்த அன்றைக்கு வராத அழுகை கல்குவியல் முன்னால் வந்தது. பார்வதி கலயத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அவளும் அழுதாள். சின்னையா எழுந்து அங்கிட்டுப் போய்விட்டான். அழுது முடித்துக் கூழை மிச்சம் வைக்காமல் குடித்தேன். அன்று ராத்திரி தூங்கினேன். மனசு கல்லு என்றவர்களுக்குச் சொல்கிறேன், அது கல் இல்லை. அதற்கு அழ நேரம் கொடுக்கவில்லை.

அந்தச் சமயம் கண்ட்ராக்டர் வந்தார். கையில் ஒரு விசில்.

"நீ வெள்ளக்காரன் தோட்டத்துல ஒழுங்கா இருந்த ஆளு. இவங்க நெனச்ச நேரம் திங்கிறாங்க, நெனச்ச நேரம் படுக்கிறாங்க. இந்தா. நீ ஊதுனா திங்கணும், நீ ஊதுனா எந்திரிக்கணும். நீ கல்லு ஒடைக்க வேணாம். கூலி உண்டு."

புண் வயிற்றுக்காரனுக்கு லேசான வேலை. பார்வதி என்னைப் பார்த்தாள்.

"வேணாங்க."

"ஏன்யா?"

"கூலி பெட்டிக்குத்தானேங்க குடுக்கிறீங்க? பெட்டி ரொம்புது. அவங்கவங்க வயிறு அவங்கவங்களுக்குத் தெரியும்."

"சிலோன்காரனுக்குத் திமிரப் பாரு."

"ஆமாங்க."

இப்படி அவரிடம் சொன்னால் நாளைக்கு வேலை இல்லாமல் போகும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லும்போது நெஞ்சு அடித்தது. அது அடிப்பதும் எனக்குத் தெரிந்தது. அதற்காகவே இன்னொரு தரம் சொல்லியிருப்பேன்.

மலையில் இன்னும் பெரட்டுக்கு நிற்கிறவர்களே, நீங்களும் ஒருநாள் கப்பலேறி வருவீர்கள். இங்கே வெயில் கொடுமை, தண்ணி தூரம், கேலி பேசுவார்கள். தாங்கிக்கொள்ளலாம். உங்கள் பசியை மட்டும் எவன் கையிலும் கொடுக்காதீர்கள். அங்கேயும் கொடுத்திருக்க வேண்டாம். எனக்குத் தெரியாமல் போச்சு.

கண்ட்ராக்டர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நான் உடைக்கிற அளவுக்கு உடைக்க வேற ஆள் இல்லை. விசிலை ராசுவிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் உச்சிக்கு ராசு ஊதினான்.

"டேய் ராசு, ரயிலு எங்கிட்டுடா வருது?" என்றாள் மெய்யாயி. சவரிமுத்து தலையைத் தூக்கவில்லை. சின்னையா ஏற்கனவே குறட்டை. பார்வதி கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றிருந்தேன். எழ வேண்டும் என்று நினைக்கவே இல்லை. முழங்கால் ரெண்டும் தானாக எழுந்துவிட்டன. வயிறு இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. முழங்கால் இன்னும் அந்த மலையில்தான் நிற்கிறது.

ராசு என்னைப் பார்த்துச் சிரித்தான். திரும்ப உட்கார்ந்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் இல்லை. சுத்தியலை எடுத்தேன். பசி வருகிறவரைக்கும் உடைத்த கல்லை எண்ணினேன்.

பதினாலு.