தோற்கடித்தவனுக்குச் சவரம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்போது நான் சலூன் வைத்திருந்தேன். 2008 வாக்கில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடலூரிலிருந்து ஒருவர் வருவார். சப்பை மூக்கு, காளைக் கழுத்து. ஒரு காலத்தில் பாக்ஸிங் சாம்பியன். வருசக்கணக்காக யாராலும் அசைக்க முடியாதவர், கடைசியில் ஒரே ஒருவனிடம் தோற்றார்.

அந்த ஒருவன் அப்போதெல்லாம் பக்கத்து ஒயின்ஷாப் வாசலில் விழுந்து கிடப்பான். இவர் அவனைத் தூக்கி வந்து என் நாற்காலியில் சாய்த்து, சவரம் செய்யச் சொல்வார். பிறகு பையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிவிடுவார். மனுசன்னா இவர்தான் என்று நானும் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"தோக்கடிச்சவன் மேல இவ்ளோ பாசமாண்ணே?" என்றேன் ஒருநாள்.

"பாசமா? மண்ணாங்கட்டி! நான் ஜெயிச்சதெல்லாம் ஊர்க்காரனுங்க மறந்துட்டானுங்க. இவன்கிட்ட தோத்தது மட்டுந்தான் ஞாபகம் வச்சிருக்கானுங்க. இவன் இப்பிடி நாறிக் கெடந்தா, 'போயும் போயும் இந்தக் குடிகாரன்கிட்டயா தோத்த'ன்னு கேக்க மாட்டானுங்க?"

சட்டையை மாட்டும்போது அவன் பாதிக் கண் திறந்தான்.

"மச்சான், அன்னிக்கு ஜெயிச்சது யாரு? நீயா, நானா?"

இவர் காலர் பட்டனை இறுக்கிப் போட்டார்.

"நீதான்டா, நாயே."

'நான்தான்' என்று அவர் சொல்லியிருந்தால், மறுத்துப் பேச அந்தக் கடையில் ஆளே இல்லை.